கேத்தில் கல்லை எந்தப் புளியால் கரைப்பது?

பக்கத்து வீட்டுப் பெடியன் இந்த வருடம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கிறான். போன கிழமை வீட்டு மின்கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். எட்டிப் பார்த்தேன், அடி தெரியவில்லை. வெள்ளையும் பழுப்புமாக ஓடு கட்டியிருந்தது. தேசிக்காய் பிழிந்து கொதிக்க வை என்று தாய் சொல்கிறாராம். பெரியம்மா வினாகிரி என்கிறாராம். அவனுக்கோ குளியலறை மூலையில் இருக்கிற அசிட் போத்தலில்தான் கண்.

"ரீச்சர், வன்னமிலம் எண்டால் தாக்க வீதம் கூடத்தானே? அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிடும்."

வன்னமிலம் என்றால் தண்ணீரில் முழுதாகப் பிரிகிற அமிலம், மென்னமிலம் கொஞ்சமே பிரிகிறது. பரீட்சையில் அந்த விடைக்குப் புள்ளி கிடைக்கும். குசினியில் கிடைக்காது. இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கல் பிடிக்காத கேத்தில் இருந்தால்தான் அதிசயம். அதனால் நான்கு ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம். பெடியனுடைய தாக்க வீதப் பாடமும் (இரசாயனத் தாக்கம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது) கூடவே ஓடிவிடும்.

முதலில், அது என்ன கல்?

குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வெட்டியெடுத்ததும் இந்தக் கல்தான், நம் கிணறுகளில் தண்ணீர் ஊறி வருவதும் இதன் வெடிப்புகளுக்குள்ளால்தான். மழைநீர் மண்ணில் இறங்கும்போது காபனீரொட்சைட்டை வாங்கிக்கொள்கிறது. பிறகு சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றாக வைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. சவர்க்காரம் நுரைக்காததும் அதனால்தான். கொதிக்க வைத்தால் வந்த வழியே திரும்பிப் போகிறது: காபனீரொட்சைட்டு பறந்துவிட, கல்சியங் காபனேற்று அடியில் படிகிறது. சுருக்கமாகச் சொன்னால் உங்கள் கேத்திலுக்குள் நடப்பது குட்டிச் சுண்ணாம்புக்கல் உற்பத்தி.

எவ்வளவு படியும்? 14 சென்ரிமீற்றர் அகலமான அடியில் கால் மில்லிமீற்றர் தடிப்புக்குக் கட்டினாலே ஏறக்குறைய 10 கிராம். இனிக் கணக்கெல்லாம் இந்த 10 கிராமுக்கே போடுகிறேன்.

கல் பிடித்தால் கரண்ட் பில் ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: கம்பி தண்ணீருக்குள்ளேயே இருக்கும் கேத்திலில், சூடு சுற்றிச் சுழன்று கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. பில்லில் பெரிய வித்தியாசம் வராது. உண்மையான நட்டம் வேறு. கல்லுக்குள் மூடுண்ட கம்பி அளவுக்கு மிஞ்சிச் சூடாகிச் சீக்கிரம் எரிந்துபோகும். அப்புறம் தேத்தண்ணியில் மிதக்கும் வெள்ளைச் செதில்.

எதை வைத்து ஒப்பிடுவது?

பெடியன் ஒரே ஒரு அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான்: வேகம். நான் ஐந்து பார்ப்பேன்.

ஒன்று, *கொள்ளளவு*. எவ்வளவு கல்லைக் கரைக்க முடியும் என்பதும் எவ்வளவு வேகமாகக் கரைக்கும் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். மாணவர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். மென்னமிலம் மெதுவாகத் தாக்கும். ஆனால் அளவு போதுமென்றால் முழுக் கல்லையும் தின்று முடிக்கும். அமிலம் இங்கே செலவாகிப் போகிற பொருள். அதை 'ஊக்கி' (தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள்) என்று எழுதி வைத்த விடைத்தாள்கள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். ஊக்கி என்றால் கடைசியில் அப்படியே மிஞ்ச வேண்டும், வினாகிரி மிஞ்சாது.

இரண்டு, *வேகம்*. அதையும் நாம் எதால் கூட்டலாம் என்பது.

மூன்று, *விளைபொருள் கரையுமா?* தாக்கத்தில் உண்டாகும் உப்பு தண்ணீரில் கரையாவிட்டால், அது கல்லின் மேலேயே போர்வை போல மூடி, வேலையை நிறுத்திவிடும். சலவைக்கல்லில் சல்பூரிக்கமிலம் விட்டால் முதலில் நுரைத்துப் பிறகு அடங்கிப்போவது இப்படித்தான். மேலே கல்சியஞ் சல்பேற்றுப் படலம் கட்டிவிடும். பற்றரி அசிட்டும் சல்பூரிக்கமிலம்தான், அந்தக் கதையை யாரும் எடுக்க வேண்டாம் என்பதற்கு இது முதல் காரணம். கையும் கண்ணும் இரண்டாவது காரணம்.

நான்கு, *ஏதனம்* எதனால் ஆனது. ஐந்து, *பிறகு அதில் தேத்தண்ணி குடிப்போமா?*

வேகத்தைக் கூட்டும் கைப்பிடிகள்

எந்தப் புளியை எடுத்தாலும் திருப்பிப் பார்க்கக்கூடிய கைப்பிடிகள் நான்கு இருக்கின்றன: செறிவு, வெப்பநிலை, மேற்பரப்பளவு, கலக்கல். கடைசியைப் புத்தகம் ஒரு வரியில் கடந்துபோகும். குசினியில் அதற்கு மதிப்பு அதிகம்.

செறிவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போத்தலில் எழுதியிருக்கும் சதவீதம் வேகத்தைச் சொல்லாது. கரைசலில் சுதந்திரமாகத் திரியும் ஐதரசன் அயன் (அமிலம் பிரியும்போது வரும், கல்லைத் தாக்குகிற மின்னேற்றத் துணிக்கை) எவ்வளவு என்பதுதான் பெரும்பாலும் சொல்லும். வினாகிரியில் 4 தொடக்கம் 5 சதவீதம் வரை அசற்றிக்கமிலம் உண்டு. ஆனால் ஆயிரம் மூலக்கூறில் ஐந்து அளவில்தான் ஒரு நேரத்தில் அயனாகப் பிரிந்திருக்கும். லீற்றருக்கு அதே எண்ணிக்கை மூலக்கூறு போட்ட ஐதரோக்குளோரிக்கமிலத்தில் எல்லாமே பிரிந்திருக்கும். அதனால்தான் ஒன்று சீறுகிறது, மற்றது முணுமுணுக்கிறது.

வெப்பநிலைக்கு வருவோம். 10 பாகை கூடினால் வீதம் இரட்டிக்கும் என்று எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். சுவீடன் நாட்டு அரீனியசு 1889இல் தந்த சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், அறை வெப்பநிலைக்குக் கிட்ட அப்படி இரட்டிக்க ஏவற்சக்தி (தாக்கம் நடக்கத் தாண்ட வேண்டிய சக்தித் தடை) மூலுக்கு ஏறக்குறைய 50 கிலோயூல் இருக்க வேண்டும். எல்லாத் தாக்கமும் அப்படியல்ல. வன்னமிலத்தில் கல் கரையும்போது, தாக்கம் நடக்கும் வேகத்துக்கு அமிலம் வந்து சேர்வதில்லை. கல்லின் மேற்பரப்பில் இருக்கும் அயன்கள் உடனே தீர்ந்துவிடுகின்றன. புதியவை பரவி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கடையில் காசாளர் கெட்டிக்காரர், ஆனால் வாசல் ஒடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் மனப்பாட விதி சொல்லும் எட்டு மடங்கு வராது, இரண்டு மடங்கு அளவில் நின்றுவிடும். வினாகிரி, தேசிக்காய் போன்ற மென்னமிலங்களில் மேற்பரப்புத் தாக்கத்தின் பங்கு கூட. ஆகவே சூடு அங்கே கூடுதலாக உதவும். கலக்குவதும் குலுக்குவதும் வாசலை அகலமாக்குகிற வேலை. இரண்டு வகைக்கும் உதவும், காசும் இல்லை.

மேற்பரப்பளவு: ஒரு சென்ரிமீற்றர்க் கனக்கட்டியை ஒரு மில்லிமீற்றர்க் கனங்களாக உடைத்தால் பரப்பு 6 சதுர சென்ரிமீற்றரிலிருந்து 60 ஆகும். நல்லதுதான். ஆனால் கேத்திலுக்குள் கத்தியால் குத்தி உடைக்கப் போனால் உலோகத்தில் கீறல் விழும். மரக்கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டினால், தடித்த ஓடு தானாகவே சில இடங்களில் கழன்று வரும். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேசிக்காய்

மணம் நல்லது, பயம் இல்லை, வீட்டு முற்றத்தில் காய்த்தால் செலவும் இல்லை. சாற்றில் ஏறக்குறைய 5 சதவீதம் சித்திரிக்கமிலம். ஐதரசன் அயன் செறிவு பெரும்பாலும் வினாகிரியை விடக் கூட, ஆகவே பிழிந்த சாறு தொடக்கத்தில் வினாகிரியைவிடத் துடிப்பாக நுரைக்கும்.

இடிப்பது கொள்ளளவு. 10 கிராம் கல்லுக்குக் குறைந்தது 250 மில்லிலீற்றர் சாறு வேண்டும். ஒரு காயில் 25 மில்லிலீற்றர் வந்தால் பத்துத் தேசிக்காய்! வழக்கமாக நாம் செய்வது என்ன? இரண்டு பாதியைப் போட்டுக் கேத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கிறோம். செறிவு இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்றாகிவிடும். "தேசிக்காய் வேலை செய்யவில்லை" என்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில்தான் தோற்கிறார்கள். சக்கையும் விதையும் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு சின்னத் தலையிடி.

கல் இன்னும் மெல்லிய மூடுபனி போல இருக்கிற பருவத்தில் தேசிக்காய்தான் எனக்குப் பிடித்தது. பிழிந்த சாற்றைத் தண்ணீர் கலக்காமல் சூடான அடியில் ஊற்றி, பாதித் தோலாலேயே தேய்த்து விட்டால் முடிந்தது. ஓடு கட்டிய பிறகு அதை நம்பாதீர்கள். காயைச் சம்பலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழப்புளி

பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளி பளபளக்க வைப்பதைப் பார்த்தவர்கள் இங்கேயும் அதையே போடச் சொல்வார்கள். விளக்கில் அது கரைப்பது செம்பின் ஒட்சைட்டுப் படலத்தை. இங்கே இருப்பது கல்சியம். பழப்புளியின் தாத்தாரிக்கமிலம் கல்சியத்தோடு சேர்ந்து தரும் உப்பு தண்ணீரில் சரியாகக் கரையாது. மேலே சொன்ன போர்வைக் கதைதான். விளக்கோடு இருக்கட்டும்.

வினாகிரி

எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். விளைபொருளான கல்சியம் அசற்றேற்று நன்றாகக் கரைகிற உப்பு. போர்வை கட்டுகிற பிரச்சினை இதில் இல்லை. மெதுவான தாக்கம் என்றாலும் நின்று போகாது.

10 கிராமுக்கு 4 சதவீத வினாகிரி குறைந்தது 300 மில்லிலீற்றர். "குறைந்தது" என்பதில் ஒரு விசயம் இருக்கிறது. அமிலம் செலவாகச் செலவாகச் செறிவு குறைகிறது. உண்டான அசற்றேற்றும் மிச்ச அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசிப் பங்கு ஆமையாக நகரும். நுரை அடங்கியும் கல் மிஞ்சினால், பழையதையே இரவு முழுக்க வைத்திராமல் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

மறைந்த செலவு மணம். சூடாக்கினால் வேகம் கூடும், ஆனால் அசற்றிக்கமில ஆவி மூக்கையும் கண்ணையும் பிடிக்கும். இளஞ்சூட்டோடு நிறுத்தி, யன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு மூன்று தரம் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டினாலும், முதல் நாள் பிளேன்ரீயில் ஒரு சாடை அச்சாறு வாசம் வந்தே தீரும். பிளாஸ்ரிக் கேத்தில் என்றால் இன்னும் இரண்டு நாள்.

சுடுதண்ணிப் போத்தலுக்கு வினாகிரியை விட்டால் வேறு நல்லது இல்லை. உள்ளே கண்ணாடி, கை போகாது, கம்பி போடக்கூடாது. வினாகிரியோடு ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்குங்கள். கலக்கலும் தேய்த்தலும் ஒன்றாக நடக்கும். சிலர் அரிசிக்குப் பதில் முட்டைக்கோதை நொறுக்கிப் போடுவார்கள். முட்டைக்கோதும் கல்சியங் காபனேற்றுத்தான், அதுவும் நொறுக்கினது, மேற்பரப்பளவு கூட. போட்ட வினாகிரியை முதலில் அதுவே குடித்து முடித்துவிடும்.

சிற்றிக் அசிட் பவுடர்

கேக் சாமான் விற்கும் கடையில் வெள்ளைப் பளிங்காகப் பைக்கற்றில் கிடைக்கும். தேசிக்காயில் இருப்பதேதான், தண்ணீர் இல்லாமல். ஒரு மூலக்கூறு மூன்று ஐதரசன் தரக்கூடியது என்பதால், கணக்குப்படி 10 கிராம் கல்லுக்கு 13 கிராம் போதும். செறிவு நம் கையில் இருக்கிறது, மணம் இல்லை, மிஞ்சினால் அலுமாரியில் வைக்கலாம்.

ஆனால் இதற்கும் ஒரு வஞ்சகம் உண்டு. இதைத் தெரியாமல்தான் பலர் "கழுவினேன், இன்னும் வெள்ளையாக இருக்கிறது" என்று வருகிறார்கள். கல்சியம் சித்திரேற்று அறை வெப்பநிலையில் லீற்றருக்கு ஒரு கிராம் அளவில்தான் கரையும். சீனியும் உப்பும் போல இல்லாமல், சூடு கூடக் கூட இது இன்னும் குறைவாகக் கரையும். பவுடரை அளந்து அளவாகப் போட்டு, வேகத்துக்கு ஆசைப்பட்டுத் தளதளவென்று கொதிக்க வைத்தால், காபனேற்று போய் அந்த இடத்தில் சித்திரேற்று உட்கார்ந்துகொள்ளும். வெப்பநிலை ஏறினால் எல்லாம் நல்லது என்று நினைத்தவர்கள் மாட்டுகிற இடம் இது.

அதனால் என் முறை: அமிலத்தை இரட்டிப்பாக எடுப்பேன், சூட்டைப் பாதியில் நிறுத்துவேன். அரைக் கேத்தில் தண்ணீரை 60 பாகை அளவுக்குச் சூடாக்குங்கள். கை வைத்தால் பொறுக்காது, ஆனால் கொதி இல்லை, அந்தச் சூடு. பிளக்கைக் கழற்றிவிட்டு, 25 முதல் 30 கிராம் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மேலதிக அமிலம் இருந்தால் கல்சியம் கரையக்கூடிய வடிவத்திலேயே தங்கும். 10 கிராம் கல் கிட்டத்தட்ட 2.4 லீற்றர் காபனீரொட்சைட்டைக் கக்கும் என்பதால் மூடியைத் திறந்து வையுங்கள், பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பொங்கி மேசைக்கு வரும். இடைக்கிடை ஆட்டிவிட்டு, அரை மணித்தியாலத்தில் சூடு ஆற முதல் கொட்டிவிடுங்கள். ஓடு தடிப்பு என்றால் இன்னொரு தரம்.

ரொயிலற் அசிட்

பெடியனின் ஆள். ஐதரோக்குளோரிக்கமிலம் உள்ள கழுவு திரவம் என்றால், வேகத்தில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. 10 சதவீதம் உள்ளதில் 75 மில்லிலீற்றர் அளவே போதும். விளைபொருள் கல்சியங் குளோரைட்டு தண்ணீரில் அமோகமாகக் கரையும். முதல் மூன்று அளவுகோலிலும் முதல் இடம்.

கடைசி இரண்டில் அடி வாங்குகிறது. குளோரைட்டு அயன், கறைபடாத உருக்கின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அலுமினியத்தில் ஒட்சைட்டுப் படலம் கரைந்து, பிறகு உலோகமே ஐதரசனைக் கக்கிக்கொண்டு கரையும். கல் போகும், கேத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வேகமான தாக்கத்தை நடுவில் நிறுத்துவதும் கஷ்டம். கல் தடிப்பு ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய. மெல்லிய இடம் முதலில் வெளிக்கும், மற்ற இடம் கரையும்வரை அந்த உலோகம் அமிலத்துக்குள் நிற்கும். அந்தப் போத்தலில் சாயமும் வாசனையும் வேறு சேர்ந்திருக்கும். அவை குடிக்கிற ஏதனத்துக்கு ஆனவை அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது, இதை மட்டும் தடித்த எழுத்தில் படியுங்கள். கிணற்றுக்குப் போட வைத்திருக்கும் குளோரின் பவுடரையோ வெளிற்றும் திரவத்தையோ இதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரே வாளியில், ஒரே தும்பில் கூடச் சேரக்கூடாது.

இதற்குரிய இடம் கழிப்பறைக் கோப்பை. அங்கே மட்டும், கையுறையோடு, அளவாக.

ஒரே பார்வையில்

| எது | 10 கிராம் கல்லுக்குக் குறைந்தது | வேகம் | மறைந்த செலவு | எங்கே நல்லது |
|---|---|---|---|---|
| தேசிக்காய்ச் சாறு | 250 மி.லீ. (பத்துக் காய்) | நடுத்தரம் | அளவு போதாமை, சக்கை | மெல்லிய படிவு |
| பழப்புளி | கணக்குப் போட வேண்டாம் | தொடங்கி நிற்கும் | கரையாத உப்பு | விளக்கு |
| வினாகிரி | 300 மி.லீ. | மெது | மணம் | சுடுதண்ணிப் போத்தல், ஷவர் |
| சிற்றிக் அசிட் | 13 கிராம் (போடுவது 25–30) | நடுத்தரம் | கொதித்தால் வெள்ளைப் படிவு | மின்கேத்தில் |
| ரொயிலற் அசிட் | 75 மி.லீ. | மிக வேகம் | உலோக அரிப்பு, வாயு, நஞ்சு | கழிப்பறை |

உங்கள் வீட்டுக்கு எது?

கறைபடாத உருக்கு மின்கேத்தில், ஓடு கட்டிவிட்டது: சிற்றிக் அசிட், இரண்டு தவணை. யோசிக்க ஒன்றும் இல்லை.

அடுப்பில் வைக்கும் அலுமினியக் கேத்தில் என்றால் எந்தப் புளியையும் ஊற வைக்காதீர்கள். நீர்த்த சிற்றிக் அசிட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் கொட்டி, மீதியைத் தும்பால் தேயுங்கள். கொஞ்சம் கல் மிஞ்சினால் மிஞ்சட்டும். அது உலோகத்துக்குப் போர்வை.

ஷவர் தலை கழற்ற வராதா? ஒரு சொப்பிங் பையில் வினாகிரி ஊற்றி, தலை மூழ்கும்படி கட்டித் தொங்கவிட்டு, இரவு தூங்கப் போங்கள். அங்கே அவசரம் யாருக்கு?

கல் வராமல் தடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்தவர்கள் அதையே கொதிக்க வைத்தால் படிவு ஏறக்குறைய இராது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைத் தொடவேயில்லை. வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரும் அப்படியே, காசுதான் பிரச்சினை. முழுக் கொதி தேவையில்லாத வேலைக்கு, குளிக்கக் கொஞ்சம் சூடு வேண்டும் என்பது போன்றவற்றுக்கு, கேத்திலைக் கொதிக்க விடாமல் நிறுத்தினாலும் படிவு குறையும்.

பெடியனின் கேத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சிற்றிக் அசிட் முதல் தவணையில் ஓட்டின் பெரும்பகுதி செதிலாகக் கழன்றது. இரண்டாவதில் அடி மினுங்கியது. கம்பி சேருகிற வளையத்தைச் சுற்றி மட்டும் நகக்கண் அளவு வெள்ளை மிஞ்சியது. அதற்கு மட்டும் ஒரு சொட்டு ரொயிலற் அசிட் விடட்டோ என்று கேட்டான். தாய் வாசலிலிருந்தே கேத்திலைப் பறித்துக்கொண்டு போய்த் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டார்.